ஆறு நாள் குழந்தை, இரண்டு ஊசி: சம்மதிப்பதா, பொறுத்துப் பார்ப்பதா?

பெரியபட்டினத்து மாமன் | இரவு 9.50

ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சிக்குப் போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம். பையன், 2.8 கிலோ. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாயிற்று. நேற்றிலிருந்து பால் குடிப்பது குறைந்துவிட்டது. முட்டி முட்டிக் குடிக்கிறவன் வாயில் வைத்தபடியே தூங்கிப்போகிறான். தொப்புளைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு. அம்மா பார்த்துவிட்டு "இது செவ்வாப்பு" என்று உரைகல்லை எடுத்து உரைமருந்து கொடுத்தாள். வசம்பைச் சுட்டு அந்தக் கரியை எண்ணெயில் குழைத்துத் தொப்புளில் தடவுவது வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே நடக்கிறது.

இன்று சாயங்காலம் நர்ஸம்மா பிள்ளையைப் பார்க்க வந்தார். சட்டையைத் தூக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார், 68. மறுபடி எண்ணினார், 66. கை கால் சில்லென்று இருந்தது. "வண்டியைக் கூப்பிடுங்கள்" என்று மட்டும் சொன்னார். 108இல் வந்து சேர்ந்தோம். இங்கே டாக்டரம்மா ரத்தம் எடுத்துவிட்டார். ரத்தத்தில் கிருமி பரவியிருக்கலாம், இரண்டு ஆன்டிபயாடிக் ஊசி இப்போதே தொடங்க வேண்டும், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்கிறார்.

மாப்பிள்ளை துபாயில். போனில், "கிருமி இருக்கிறதென்று ரிப்போர்ட்டே வரல, அதுக்குள்ள பச்சப் பிள்ளைக்கு எதுக்கு மச்சான் ஊசி, ரெண்டு நாள் பார்ப்போம், என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுடாதீங்க" என்கிறார். ஆன்டிபயாடிக் குழந்தையின் குடலைக் கெடுக்கும் என்று யாரோ அனுப்பிய வாட்ஸ்அப்பையும் எனக்குத் தள்ளிவிட்டார். தங்கச்சி என் முகத்தைப் பார்க்கிறாள். பேனா என் கையில். என்ன செய்ய?

நர்ஸக்கா தொண்டி | 9.53

போடுங்கள் தம்பி. இப்போதே. மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

வார்டு டூட்டி | 9.55

அக்கா சொன்னதுதான். ரத்தம் எடுத்தாயிற்று இல்லையா? அப்படியானால் முடிவுக்காக ஊசியை நிறுத்திவைக்க வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை.

உச்சிப்புளிக்காரன் | 10.02

எல்லோரும் உடனே போடு போடு என்கிறீர்கள், நான் அடி வாங்கியவன், என் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். என் மகளின் குழந்தைக்கு இரண்டு வருடம் முன்னால், பிறந்து ஒரே நாள், நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தது, அழுகையும் நல்ல அழுகை. வேறு ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ரத்தத்தில் சி.ஆர்.பி. (தொற்று இருந்தால் ஏறுகிற ஒரு புரதம்) கொஞ்சம் கூட இருக்கிறது என்று ஊசி தொடங்கினார்கள். கல்ச்சர் சுத்தம். அப்படியும் பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பத்து நாளும் ஊசி. ஏன் என்று கேட்டால் "சேஃப்டிக்கு". தாயிடமிருந்து பிரித்து வைத்ததில் பால் வற்றி, கடைசியில் வாயெல்லாம் வெள்ளை படர்ந்து அதற்கு ஒரு மருந்து. பில்லைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அதனால் மாப்பிள்ளை கேட்பதில் தப்பில்லை. ஏன், எத்தனை நாள், எப்போது நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள்.

பெரியபட்டினத்து மாமன் | 10.15

கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதல் ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை, கோபம்போல. நாளைக்குக் காலையில் அவருக்கு நான் என்ன சொல்வது? "ஆதாரம் இல்லாமல் எப்படி?" என்றால் எனக்கே பதில் தெரியாது.

நர்ஸக்கா தொண்டி | 10.48

நல்லது தம்பி. இப்போது விளக்கமாகச் சொல்கிறேன், முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கடற்கரையில் சைக்கிளிலும் டி.வி.எஸ்.ஸிலும் அலைந்தவள் நான்.

பெரியவர்களுக்குக் கிருமி ஏறினால் காய்ச்சல் கொதிக்கும், உடம்பு சத்தம் போட்டுச் சொல்லும். பிறந்த பிள்ளை சத்தம் போடாது, அடங்கிப்போகும். பால் குடிக்க மறப்பது, தொட்டால் மட்டும் அசைவது, மூச்சு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் போவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிவது, வெட்டு இழுப்பது, உடம்புச் சூடு 37.5க்கு, பழைய கணக்கில் 99.5க்கு ஏறுவது, அல்லது 35.5க்குக் கீழே, அதாவது 96க்கும் கீழே இறங்குவது. இதில் ஒன்று இருந்தாலே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்றுதான் எங்களுக்குப் பயிற்சி. காய்ச்சல் இல்லையே என்று தைரியமாக இருக்கிறவர்கள்தான் நிறைய, சில்லென்று ஆவதுதான் எனக்கு அதிகப் பயம். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், பத்து வினாடி எண்ணி ஆறால் பெருக்கக் கூடாது, பச்சைப் பிள்ளை விட்டு விட்டு மூச்சு விடும். 60ஐத் தொட்டால் திரும்ப எண்ண வேண்டும். உங்கள் ஊர் நர்ஸம்மா இரண்டு தடவை எண்ணியது அதனால்தான். அவரை நேரில் பார்த்தால் இந்த அக்கா கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளைக்கு மூன்று அறிகுறி: குடி குறைந்தது, மூச்சு 66, உடம்பு குளிர்ந்தது. நான்காவதாகத் தொப்புள். அது செவ்வாப்பு இல்லை தம்பி, தொப்புள் சீழ் பிடிக்கும் முன்னால் காட்டும் சிவப்பு. அம்மாவைத் திட்டாதீர்கள், எங்கள் அம்மாவும் அதைத்தான் தடவினாள். ஆனால் தொப்புள் கொடி விழுகிறவரைக்கும் அதில் ஒன்றுமே வைக்கக் கூடாது, கரி, மஞ்சள், பவுடர், விளக்கெண்ணெய் எதுவும். காய்ந்து தானாக விழட்டும்.

வார்டு டூட்டி | 11.20

மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன், அப்படியே அனுப்பிவிடுங்கள். பச்சிளம் குழந்தை வார்டில் வேலை செய்கிறவன். உங்கள் குழந்தையை நான் பார்க்கவில்லை, பார்த்தவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

தொப்புளிலிருந்து ஒரு ரத்தக்குழாய் நேரே ஈரலுக்குப் போகிறது. வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து ரத்தம் வந்த வழி அது. பிறந்து சில நாளில் அடைபட்டுவிடும், ஆனால் அதுவரை தொப்புளில் உட்காரும் கிருமிக்கு அதுதான் ராஜபாட்டை. ரத்தத்தில் கலந்தால் மூளைக்காய்ச்சல் வரை போகும். இதெல்லாம் நாள் கணக்கில் நடப்பதில்லை, மணிக்கணக்கு. "இரண்டு நாள் பார்ப்போம்" என்பதில் உள்ள அந்த இரண்டு நாள்தான் குழந்தையிடம் இல்லாதது.

ஆதாரம் கேட்கிறார், நியாயமான கேள்வி. ஆனால் ஆதாரம் வருகிற வேகத்தைப் பாருங்கள். கல்ச்சர் என்றால் ஒரு மில்லி அளவு ரத்தத்தைச் சத்துநீரில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. பெரும்பாலும் ஒன்று, இரண்டு நாளில் தெரிந்துவிடும். இவ்வளவு சின்ன உடம்பில் அதற்கு மேல் ரத்தம் எடுக்க முடியாது, அந்தத் துளியில் கிருமி சிக்காமல் தப்பியும் போகலாம். சி.ஆர்.பி. தொற்று தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரம் போலக் கழித்துத்தான் ஏறும், ஆரம்பத்தில் எடுத்தால் நார்மல் என்று வந்து ஏமாற்றும். மற்ற காரணங்களாலும் ஏறும், உச்சிப்புளிக்காரர் கதையில் நடந்தது அதுவாக இருக்கலாம். அதனால் நாங்கள் காகிதத்தைப் பார்த்து ஊசியைத் தொடங்குவதில்லை, குழந்தையைப் பார்த்துத் தொடங்குகிறோம். காகிதம் உதவுவது நிறுத்துவதற்கு.

எந்த ஊசி என்று கேட்டீர்களா? வழக்கமாக ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் தொடங்குவோம், தொப்புள், தோல் தொற்று என்றால் ஆம்பிசிலினுக்குப் பதில் கிளாக்சசிலின்.

பெரியபட்டினத்து மாமன் | 11.31

கேஸ் ஷீட்டில் கிளாக்சசிலின், ஜென்டா என்றுதான் எழுதியிருக்கிறது. அனுப்பிவிட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் இல்லை.

சாயல்குடி மருந்துக்கடை | காலை 7.10

இந்த இழையை இப்போதுதான் பார்க்கிறேன். இவர் ஆஸ்பத்திரிக்குப் போனார், சரி. போகாதவர்கள் எங்கே போகிறார்கள் என்று என்னைக் கேளுங்கள். என் கவுன்ட்டருக்கு வருகிறார்கள். "பிள்ளைக்குச் சளி, போன தடவை மூத்தவனுக்குக் கொடுத்தீர்களே, தண்ணி ஊற்றிக் குலுக்குகிற அந்தப் பாட்டில், அதைக் கொடுங்கள்." கேட்பது ஆன்டிபயாடிக். வயது என்ன என்றால் பன்னிரண்டு நாள். நான் கொடுக்க மாட்டேன், நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடை.

பால் குடிக்கவே தெம்பில்லாத பிள்ளைக்கு வாய்வழி மருந்து எப்படி உள்ளே போகும்? போனாலும் அரைகுறையாகக் கிருமியை அடக்கிவைக்கும். அப்புறம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராது, டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து தேட வேண்டியதுதான். பிறந்த குழந்தையின் ஈரல், சிறுநீரகம் இரண்டும் இன்னும் முழுசாக வேலைக்கு வரவில்லை, பெரியவர்களுக்கான மருந்தை எடைபார்த்துக் குறைத்தால் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கே ஓடாது. 1950களில் குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்த பச்சிளங்குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்தபிறகுதான் உலகத்துக்கே அது புரிந்தது. இன்றைக்கும் எல்லோருக்கும் போடுகிற செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியை மஞ்சள் காமாலை உள்ள பச்சிளங்குழந்தைக்குப் போடக்கூடாது, கால்சியம் ஏறும்போது கூடவே கூடாது. என் தொழிலையே கெடுத்துக்கொண்டு சொல்கிறேன், பிறந்து இரண்டு மாதத்துக்குள் என்றால் மெடிக்கலுக்கு வராதீர்கள்.

பாம்பன் பெரிசு | 8.30

எல்லாம் படித்தவர்கள் பேசுகிறீர்கள். எங்கள் ஆத்தா ஒரு ஊசி பார்த்ததில்லை. உரைமருந்து, சேனை, சாம்பிராணிப் புகை, இவ்வளவுதான். ஆறு பேர் வளர்ந்து கடலுக்குப் போனோம்.

கீழக்கரை உம்மா | 8.41

ஐயா, தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் ஆத்தா எத்தனை பெற்றார்கள்?

பாம்பன் பெரிசு | 9.15

ஒன்பது.

பாம்பன் பெரிசு | 9.17

மூன்றும் நாற்பது நாளுக்குள். ஒன்றை நானே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். சரி, நான் பேசவில்லை.

கீழக்கரை உம்மா | 9.40

மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் வாப்பா.

மாமன் தம்பி, என் இரண்டாவது மகனுக்கும் பிறந்து ஒன்பதாம் நாள் இதே மாதிரி, அவனுக்கு ஏழு நாள் ஊசி. ஜென்டாமைசின் காதைக் கெடுக்கும் என்று யாரோ சொல்ல நான் அழுது தீர்த்துவிட்டேன். டாக்டரிடம் கேட்டேன். அளவு கூடினாலோ நாள் நீண்டாலோ காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடிய மருந்துதான், பொய்யில்லை, அதனால்தான் எடைக்குக் கணக்குப் போட்டு நாளைக்கு ஒரே தடவை போடுகிறோம், சிறுநீர் போகிறதா என்று பார்க்கிறோம் என்றார். டிஸ்சார்ஜுக்கு முன்னால் காதில் சின்னக் குழாய் வைத்துப் பரிசோதனை செய்தார்கள், நன்றாகக் கேட்டது. இப்போது நான்கு வயது, கூப்பிட்டால் கேட்காத மாதிரி நடிக்கிறான், அது வேறு வியாதி.

தங்கச்சிக்கு ஒன்று சொல்லுங்கள். பிள்ளை உள்ளே இருந்தாலும் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை பாலைப் பீய்ச்சி எடுக்கச் சொல்லுங்கள், இரவிலும். பாலாடையிலோ குழாயிலோ கொடுப்பார்கள். மார் வற்ற விடக்கூடாது. பார்க்க வருகிற கூட்டத்தை நீங்களே வாசலில் நின்று திருப்பி அனுப்புங்கள், மாமன் வேலை அதுதான்.

மண்டபம் கேம்ப் | 11.05

எனக்கு நடந்தது நேர்மாறு, அதையும் பதிந்துவிடுகிறேன். மே மாதம், கத்திரி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பிறந்து மூன்றாம் நாள். பெரியவர்கள் குல்லா, ஸ்வெட்டர், இரண்டு துணி என்று சுற்றி வைத்திருந்தார்கள். மனைவிக்கு அப்போதுதான் பால் இறங்கத் தொடங்கியிருந்தது. குழந்தை உடம்பு 100.5. அலறிக்கொண்டு ஓடினோம். டாக்டர் துணியெல்லாம் கழற்றி எடை பார்த்தார், பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நீர் வற்றிய காய்ச்சலாக இருக்கலாம் என்றார், ஆனால் "இருக்கலாம்" என்று வீட்டுக்கு அனுப்பவில்லை. ரத்தம் எடுத்தார், ஊசியும் தொடங்கினார். பால் சரியாக ஊட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அன்று இரவே சூடு இறங்கிவிட்டது. இரண்டு நாளில் கல்ச்சர் சுத்தம், குழந்தை வெறியாகப் பால் குடிக்கிறான், ஊசியை நிறுத்தி அனுப்பிவிட்டார். மொத்தம் நான்கு வேளையோ ஐந்து வேளையோ. பொறுத்துப் பார்ப்பது என்றால் இப்படி வார்டுக்குள் பார்க்க வேண்டும், வீட்டுத் தொட்டிலில் இல்லை.

உச்சிப்புளிக்காரன் | 11.30

இதைத்தான் நானும் கேட்கிறேன்! உங்கள் டாக்டர் நிறுத்தினார். எங்களுக்கு நிறுத்தவில்லை.

வார்டு டூட்டி | மதியம் 2.00

உச்சிப்புளி அண்ணன் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. தொடங்கும்போது நாங்கள் காட்டுகிற அவசரத்தில் பாதியாவது நிறுத்தும்போது காட்ட வேண்டும். தேவையில்லாமல் நீட்டினால் குடலில் நல்ல கிருமிகள் அழிந்து பூஞ்சை ஏறும் (உங்கள் பேரக்குழந்தை வாயில் படர்ந்த வெள்ளை அதுதான்), குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகல் வரையும் போகலாம். இன்னொன்று, ஒரு வார்டில் பயந்து பயந்து எல்லோருக்கும் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த வார்டுக் கிருமிகள் பழகிக்கொள்ளும். டெல்லியில் மூன்று ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா என்ற கிருமிகள்தான் முன்னால் நின்றன, அவற்றில் பெரும் பங்கு பல மருந்துகளுக்கு அடங்காதவை. அதைப் படித்தபிறகு "சேஃப்டிக்கு" என்ற வார்த்தையை நான் வார்டில் சொல்வதில்லை.

நர்ஸக்கா தொண்டி | 3.20

ஊசி போடவே ஆள் இல்லாத இடங்களும் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். மகாராஷ்டிராவில் கட்சிரோலி என்று காட்டு மாவட்டம். 1990களில் அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிற வீடுகளில் பெற்றோர் சம்மதத்தோடு ஜென்டாமைசின் ஊசியும் வாய்மருந்தும் கொடுக்க வைத்தார்கள். பச்சிளங்குழந்தை மரணம் அந்த ஊர்களில் பாதிக்கும் கீழே இறங்கியது, 1999இல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் வந்தது. நமக்கு ராமநாதபுரத்தில் 2022இல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிள்ளைகள் பாதி வழியிலேயே போயிருக்கின்றன, அதையெல்லாம் இங்கே எழுத மனசில்லை.

பெரியபட்டினத்து மாமன் | மூன்றாம் நாள், காலை 10.30

நேற்று முழுக்க எழுத முடியவில்லை. இன்றைக்குக் கல்ச்சர் வந்தது. கிருமி வளரவில்லை. முதுகுத்தண்டில் எடுத்த நீரும் சுத்தம். மாப்பிள்ளை உடனே, "பார்த்தீங்களா மச்சான், நான் அன்னைக்கே சொன்னேன், நிறுத்தச் சொல்லுங்க, டிஸ்சார்ஜ் வாங்குங்க" என்கிறார். ஆனால் டாக்டரம்மா ஏழு நாள் போட வேண்டும் என்கிறார். நேற்று எடுத்த சி.ஆர்.பி. 46, பத்துக்குள் இருக்க வேண்டுமாம். தொப்புள் சிவப்பு குறைந்திருக்கிறது, முழுதும் போகவில்லை. மூச்சு 54. பால் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறான். இப்போது எனக்கே குழப்பம். மண்டபம்காரர் குழந்தைக்கு நிறுத்தினார்களே?

உச்சிப்புளிக்காரன் | 10.44

தம்பி, நானே சொல்கிறேன், இப்போது நிறுத்தச் சொல்லாதீர்கள். என் பேரன் முதல் நாளிலிருந்தே நன்றாக இருந்தான். உங்கள் பிள்ளை நன்றாக இல்லாமல்தான் போனான். இரண்டும் ஒன்றில்லை.

வார்டு டூட்டி | 11.10

அண்ணன் என் வேலையை மிச்சப்படுத்திவிட்டார். இரண்டு நாளில் நிறுத்துவது கல்ச்சரும் சுத்தம், குழந்தையும் நலம், மற்ற சோதனையும் சுத்தம் என்றால்தான். இங்கே கண்ணுக்குத் தெரிகிற தொப்புள் தொற்று இருக்கிறது, சி.ஆர்.பி. ஏறியிருக்கிறது, ஊசிக்குப் பிறகுதான் மூச்சு இறங்கியது. ரத்தம் சுத்தம் என்றால் தொப்புள் சுத்தம் என்று ஆகாது. முதுகு நீர் சுத்தம் என்பதுதான் உங்களுக்கு உண்மையான நல்ல செய்தி. அதில் கிருமி இருந்திருந்தால் மூளைக்காய்ச்சல், ஊசி மூன்று வாரம் வரை போயிருக்கும். ஏழாம் நாள் மறுபடி பார்த்துவிட்டு நிறுத்துவீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்குக் கிளம்பும்போது "எதற்கும் இருக்கட்டும்" என்று வாய்மருந்து எழுதினால் அதையும் எதற்கு என்று கேளுங்கள்.

பெரியபட்டினத்து மாமன் | 11.25

மாப்பிள்ளையை டாக்டரம்மாவிடமே போனில் பேச வைத்தேன். ஐந்து நிமிடம். என்ன பேசினார்களோ, முடித்துவிட்டு என்னிடம், "சரி மச்சான், ஏழு நாள்னா ஏழு நாள்" என்றார். பிறகு குரல் உடைந்துவிட்டது. பிள்ளை முகத்தை இன்னும் வீடியோவில்தானே பார்த்திருக்கிறார். அவர் பயத்தை நான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயல்குடி மருந்துக்கடை | 11.40

அடுத்த தடவை அந்த வாட்ஸ்அப் வந்தால் எனக்குத் தள்ளிவிடச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

பெரியபட்டினத்து மாமன் | எட்டாம் நாள், இரவு 8.15

ஊருக்கு வந்துவிட்டோம். நேற்றுக் கடைசி ஊசி. சி.ஆர்.பி. 4. எடை 2.86. காது பரிசோதனைக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். வாய்மருந்து எதுவும் எழுதவில்லை, நான் கேட்பதற்குள் அவரே "வேண்டாம்" என்றுவிட்டார். அம்மா உரைகல்லைக் கழுவிப் பரண்மேல் வைத்துவிட்டாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. வசம்பை மட்டும் வளையலாகக் கோத்துக் கையில் கட்டிவிட்டிருக்கிறாள், கட்டட்டும், அதை அவன் சாப்பிடப் போவதில்லை.

கீழக்கரை உம்மா | 8.22

வாயில் வைக்கத் தொடங்கினால் கழற்றிவிடச் சொல்லுங்கள் தம்பி. அல்ஹம்துலில்லாஹ்.

நர்ஸக்கா தொண்டி | 8.30

சந்தோஷம். தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

பெரியபட்டினத்து மாமன் | 8.41

44. இரண்டு தடவை எண்ணினேன் அக்கா.